மறுவுலகும் மாறிய வரலாறும்

நிகழ்ந்தது நிகழாதிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் மக்கள் மனத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. அன்று அக்கடிதம் உரிய நேரத்திற் கிடைத்திருந்தால், அன்று அத்தெருவாற் செல்லாதிருந்தால் என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்ளாதார் உலகில் இலர். தனிமனிதர் இவ்வாறு எண்ணுதல் போலவே சமுதாயங்களும் எண்ணுகின்றன. அவ்வெண்ணம் காலந்தோறும் கதையாகவும், வரலாற்றாராய்ச்சியாகவும், மெய்யியல் வினாவாகவும் உருவெடுத்து வந்துள்ளது. நம் காலத்தில் அஃது ஒரு விளையாட்டாகவும் உருவெடுத்துள்ளது. அவ்விளையாட்டின் இயல்பையும், அது எழுப்பும் வினாவையும், அவ்வினாவுக்கும் நம்மவர் வாழ்வுக்குமுள்ள தொடர்பையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடியோ விளையாட்டு என்ற அளவிலே, படிப்பைக் கெடுப்பது என முகஞ் சுளிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் பலர். அவர்தம் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆயினும், ஒரு காலத்தில் நாடகமும் நாவலும் இவ்வாறே வெறுக்கப்பட்டன என்பதை நினைவுகூர்தல் தகும். மாணவர் பல மணிநேரம் ஈடுபட்டு நிற்கும் ஒன்றனுள் உள்ளது யாது என அறியாமல் அதனைத் தள்ளுதலும் கொள்ளுதலும் கல்வியாளர்க்கு ஏற்புடையனவல்ல.

திரையில் ஆடப்படும் விளையாட்டுக்களுள் வேடமேற்று ஆடுவது ஒரு வகை. நாட்டுக்கூத்திலே ஒருவர் மன்னனாகவோ மந்திரியாகவோ வேடம் புனைந்து, ஆட்டம் முடியுமளவும் அவராகவே நின்று பாடி ஆடுதலைக் கண்டோர் அறிவர். வேடமேற்பு விளையாட்டும் அத்தன்மையதே. வேறுபாடு யாதெனின், கூத்திலே அண்ணாவியார் பழக்கிய வழியே கதை செல்லும். இங்கே ஆடுபவர் தேரும் வழியே கதை ஓரளவு திரும்பும். தொடக்கத்தில் இவ்வகை விளையாட்டு மேசையைச் சுற்றியிருந்து தாளும் பகடையுங் கொண்டு ஆடப்பட்டது. 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ அதற்கு முன்னோடி. பின்னர் யப்பானியர் அதனைத் தொலைக்காட்சித் திரைக்கேற்ப மாற்றி வளர்த்தனர். 1986 இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’, 1987 இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபான்டசி’ ஆகியவை அவ்வளர்ச்சியின் பெரும் படிகள்.

ஈண்டு எடுத்துக்கொண்ட விளையாட்டு ‘குரோனோ குரொஸ்’ என்பது. அதனை விளங்குதற்கு அதன் முன்னைய கதையாகிய ‘குரோனோ திரிக்கர்’ என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1995 ஆம் ஆண்டு ஸ்குவயர் என்னும் யப்பானியக் கம்பனி அதனை வெளியிட்டது. குரோனோ என்னும் இளைஞனும் அவன் தோழரும் காலவாயில்கள் வழியே முற்காலத்துக்கும் பிற்காலத்துக்கும் செல்கின்றனர். 1999 ஆம் ஆண்டிலே லாவோஸ் என்னும் கொடிய உயிர் நிலத்தின் அடியிலிருந்து எழுந்து உலகைப் பாழாக்கியதை அவர்கள் அறிகின்றனர். 2300 ஆம் ஆண்டிலே, எஞ்சிய மக்கள் சிதைந்த கட்டடங்களுள் பசியோடு ஒடுங்கிக் கிடப்பதை நேரிற் காண்கின்றனர். கண்டவர், அவ்வழிவு நிகழாதவாறு வரலாற்றையே மாற்றத் துணிகின்றனர், போராடி வெல்கின்றனர். அக்கதை மகிழ்ச்சியோடு முடிகின்றது.

நான்கு ஆண்டுகளின் பின், 1999 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆந் திகதி ‘குரோனோ குரொஸ்’ யப்பானில் வெளிவந்தது. மசாத்தோ காத்தோ கதையெழுதி இயக்க, யசுனோரி மிட்சுதா இசையமைத்தார். 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே புதுக்கிய பதிப்பு வந்தமையால் இக்காலக் கருவிகளிலும் அதனை ஆடலாம். முன்னைய கதையின் மகிழ்ச்சியான முடிவு விடையிறுக்காமல் விட்ட வினா ஒன்றை இது கையிலெடுத்தது. உலகைக் காத்தற்காக ஒரு வரலாறு நீக்கப்பட்டதே. நீக்கப்பட்ட அவ்வரலாற்றில் வாழ்ந்திருந்தோர் என்ன ஆயினர்? பாழ்பட்ட உலகாயினும் அதிலும் தாயர் இருந்தனர், பிள்ளைகள் இருந்தனர் அன்றோ?

கதை ஒரு மீனவர் சிற்றூரிலே தொடங்குகின்றது. எல் நிடோ என்னும் தீவுக்கூட்டத்தில் ஆர்னி என்பது அவ்வூர். அங்கு வாழும் சேர்ஜ் என்னும் 17 வயது இளைஞன், லீனா என்னும் தோழிக்குக் கழுத்தணி செய்தற்காக உடும்பின் செதில்களைத் தேடிச் சென்று, பின் கடற்கரையை அடைகின்றான். பேரலையொன்று தன்னை விழுங்குவது போன்ற மயக்கம் வருகின்றது. மயக்கந் தெளிந்து ஊர் திரும்புகின்றான். குடிசைகளும் படகுத்துறையும் முன்போலவே உள. ஆனால் அவனை அறிந்தார் ஒருவருமிலர். லீனாவும் அவனை அந்நியனாகவே நோக்குகின்றாள். சேர்ஜ் என்னும் சிறுவன் 10 ஆண்டுகளுக்கு முன்பே கடலில் மூழ்கி இறந்துவிட்டான் என்கிறாள். கடல்முனையிலுள்ள தன் கல்லறையை அவன் தானே காண்கின்றான்.

சிறுவன் பிழைத்த உலகு ஒன்று. இறந்த உலகு மற்றொன்று. அந்நாளிலிருந்து இரண்டும் ஆற்றின் கிளைகள் போற் பிரிந்து ஓடியுள்ளன. பின்னர் இரண்டிற்குமிடையே சென்று மீளும் வல்லமையை ஆடுபவர் பெறுகின்றார். ஓர் உலகிலே தலைவன் ஒருவனின் மாளிகை படைவீரர் நிறைந்து விளங்குகின்றது. மற்றையதிலே அப்படை தொலைகடல் சென்று மீளாமையால் அம்மாளிகை பொலிவிழந்து கிடக்கின்றது. ஒரே மனிதர், ஒரே நிலம். வாழ்வு மட்டும் வேறு.

ஆடுபவர் செய்யும் தேர்வுகளும் இங்ஙனமே இருமுனைப்பட்டவை. கிட் என்னும் தோழி நஞ்சுபட்டு உயிருக்குப் போராடுகின்றாள். அதற்கு மருந்தாவது சதுப்பு நிலத்து வாழும் பெரும் பாம்புயிர் ஒன்றின் உடல்நீர். மருந்து தேடச் செல்லவும் ஆடுபவர் இசையலாம், இசையாதும் விடலாம். இசைந்து அவ்வுயிரை வீழ்த்தின், அதனாற் செழித்த சதுப்பு நிலத்தை நம்பி வாழ்ந்த குள்ளர் தம் வாழ்விடத்தை இழக்கின்றனர். இசையாவிடினுங் கதை நின்றுவிடுவதில்லை. வேறு வழியாற் செல்கின்றது, உடன்வரும் துணைவரும் மாறுகின்றனர். இவ்விளையாட்டிலே துணைவராகக்கூடியவர் 45 பேர். அவர்கள் அனைவரையும் ஒருமுறை ஆடும் ஆட்டத்திலே ஒருங்கு பெற இயலாது. ஒருவரை ஏற்றல் வேறொருவரை இழத்தலாகும் என்பது விளையாட்டின் விதியிலேயே பொதிந்துள்ளது.

கதையின் நடுப்பகுதியிலே சாக்கடல் என்னும் இடம் வருகின்றது. அலைகள் எழுந்தவாறே உறைந்து நிற்கும் அப்பரப்பில் நெடுஞ்சாலைகளும் மாடக் கட்டடங்களும் இடிந்து கிடக்கின்றன. அவை முன்னைய கதையிலே வீரர் நீக்கிய எதிர்காலத்தின் எச்சங்கள். அவற்றைக் காத்து நிற்பவன் கொடியவன் அல்லன். லீனாவின் காணாமற்போன தந்தையே. முன்னைய கதையின் வீரரை ஒத்த குழந்தை வடிவங்களும் அங்கே தோன்றுகின்றன. ஓர் எதிர்காலத்தைப் பேணுதற்கு மற்றோர் எதிர்காலத்தைக் கொன்றீர் என்னும் பொருள்பட அவை குற்றஞ் சாட்டுகின்றன. முன்பு வெற்றியென மகிழ்ந்த செயலுக்கு ஈண்டு கணக்குக் கேட்கப்படுகின்றது.

உலகங்கள் பலவாதலும், ஒருவரே வேறிடத்து வேறு வாழ்வு வாழ்தலும் தமிழறிந்தார்க்குப் புதியன அல்ல. வடமொழி யோகவாசிட்டத்தை வழியாகக் கொண்டு வீரை ஆளவந்தார் தமிழிற் செய்த ஞானவாசிட்டம் இத்தகைய கதைகளின் களஞ்சியம். அதனுள் வரும் லீலை கதையை நோக்குக. கணவனாகிய பதும மன்னன் இறந்தால் அவன் உயிர் அரண்மனை விட்டு நீங்காதிருத்தல் வேண்டும் என்று அரசி லீலை கலைமகளிடம் வரம் பெறுகின்றாள். மன்னன் இறந்தபின் தேவி அவளுக்கு ஒரு காட்சியைக் காட்டுகின்றாள். அவ்வறையின் வெளியிலேயே வேறோர் உலகு விரிந்துள்ளது. அங்கே அவள் கணவன் விதூரதன் என்னும் பெயரோடு அரசாள்கின்றான். அங்கும் அவனுக்கு மனைவியாக ஒரு லீலை இருக்கின்றாள். தன் கல்லறையைக் கண்ட சேர்ஜின் திகைப்பும், தன்னையே எதிரிற் கண்ட லீலையின் திகைப்பும் ஓரினத்தன.

அந்நூலிற் கூறப்படும் இலவண மன்னன் கதை இன்னும் நுட்பமானது. அவன் அவைக்கு வந்த இந்திரசாலக்காரன் ஒரு குதிரையைக் காட்டுகின்றான். மன்னன் சிறிது நேரம் அசைவற்று இருந்து விழிக்கின்றான். அச்சிறிது நேரத்துள் அவன், குதிரை தன்னைக் காட்டிற் கொண்டுசென்று தள்ளியதையும், பசிக்கு உணவிட்ட புலைமகளை மணந்ததையும், மக்களைப் பெற்றுப் பல்லாண்டு வாழ்ந்ததையும், கொடிய பஞ்சத்தாற் குடும்பம் அழிந்ததையும் அனுபவித்துவிட்டான். கனவென்று தள்ளிவிடாது, மறுநாள் அக்காட்டைத் தேடிச் செல்கின்றான். அங்கே அவன் கண்ட சேரி உண்மையிலே இருக்கின்றது. மகளையும் மருமகனையும் பேரக் குழந்தைகளையும் பஞ்சத்துக்குப் பறிகொடுத்தேன் என்று ஒரு முதியவள் அழுதுகொண்டிருக்கின்றாள். அவள் அழுத மருமகன் தானே என மன்னன் உணர்கின்றான்.

உலகங்கள் யாவும் அறிவின்கண் தோன்றி ஒடுங்குவன என்பதே ஞானவாசிட்டத்தின் முடிபு. விளையாட்டின் நோக்கம் வீடுபேறன்று. ஆதலின் இரண்டனையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஓரிடத்தில் இரண்டும் கைகோக்கின்றன. மறுவுலகம் பொய்யாயினும் மெய்யாயினும், அதில் வாழ்வோர் கண்ணீர் புறக்கணிக்கத் தக்கதன்று என்பதே அவ்விடம்.

அறிவியலாரும் பல உலகங்களைப் பற்றிப் பேசியுள்ளனர். நுண்துகள்களை ஆராயும் குவாண்டக் கொள்கையிலே, ஓர் அளவீட்டுக்குப் பல விளைவுகள் இயல்வனவாக இருப்பவும் ஒன்றே காணப்படுவது ஏன் என்னும் வினா எழுந்தது. இயலும் விளைவுகள் யாவும் நிகழ்கின்றன. உலகே கிளைத்துச் செல்கின்றது என்று கொள்ளத்தக்க விளக்கத்தை 1957 ஆம் ஆண்டு ஹியூ எவரெற் என்னும் அமெரிக்க இளைஞர் வெளியிட்டார். இஃது இயற்பியலாரிடையே நிலவும் விளக்கங்களுள் ஒன்றேயன்றி முடிந்த முடிபன்று. அக்கிளைகளுக்கிடையே ஒருவர் சென்று மீளலாம் என அது கூறவுமில்லை. செல்லுதல் கதைக்கும் விளையாட்டுக்கும் உரியது.

வரலாற்றாசிரியர் நிலை வேறு. மாவீரன் அலெக்சாந்தர் மேற்கே திரும்பி உரோமாபுரியைத் தாக்கியிருப்பின் யார் வென்றிருப்பர் என்று இலிவி என்னும் உரோம வரலாற்றாசிரியர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வினவி விடை கூறினார். 1931 ஆம் ஆண்டு இத்தகைய கட்டுரைகளின் தொகுதியொன்று இலண்டனில் வெளிவந்தபோது, வின்ஸ்டன் சேர்ச்சிலும் அதில் ஒரு கட்டுரை எழுதினார். இதனை வீண் கற்பனை என்பாருமுளர். ஆனால் ஒரு நிகழ்ச்சியைக் காரணம் என்று கூறும்போதே, அஃது இன்றேல் விளைவும் இன்று என்னும் கருத்து அதனுள் அடங்கிவிடுகின்றது. ஆகவே முறையாக வினவப்படின், காரணங்களை நிறுத்துப் பார்க்கும் தராசாக இது பயன்படும்.

கொட்டாஞ்சேனையின் வரலாறே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம், புனித லூசியாள் பேராலயம், தீபதுத்தாராம விகாரை மூன்றும் நடந்து சென்று காணத்தக்க அணிமையிலுள்ள ஊர் அது. 1883 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அவ்விகாரையின் விழாவுக்காக வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கர்க்குமிடையே கலகம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமையாற் பௌத்தரிடையே மனக்குறை வளர்ந்தது. 1884 ஆம் ஆண்டு ஒல்கொற் அவர்கள் அவர்தம் முறையீட்டை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். 1885 ஆம் ஆண்டு வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. பிற்காலத்தில் அநகாரிக தர்மபால எனப் புகழ்பெற்றவர் அப்போது கிறித்தவக் கல்லூரி ஒன்றில் மாணவர். அக்கலகத்தின் பின் அவர் தந்தையார் அவரை அங்கிருந்து விலக்கிக்கொண்டார்.

அன்று அவ்வூர்வலம் வேறொரு நாளில் வந்திருந்தால் இவையெல்லாம் நிகழாது போயிருக்குமோ? தராசை எடுத்து நோக்கின், அவ்வாறு துணிதல் இயலாது. பாணந்துறை வாதம் நடந்தது 1873 இல். அதில் வாதிட்ட மீகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனை விகாரையைச் சார்ந்தவர். ஒல்கொற் இலங்கைக்கு வந்தது 1880 இல். விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. அந்த ஞாயிறு வீழ்ந்தது பொறி. பொறி வேறு, விறகு வேறு எனப் பிரித்துக் காட்டுதலே இவ்வினாவின் பயன். பொறி தவறியிருப்பின் ஓர் உயிர் பிழைத்திருக்கலாம், ஒரு விடுமுறை பிந்தியிருக்கலாம், ஒரு மாணவர் அக்கல்லூரியிலே தொடர்ந்து படித்திருக்கலாம். மறுமலர்ச்சி இயக்கமே தோன்றாது போயிருக்கும் என்று கூறுதற்கில்லை.

அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். உடுத்த உடையோடு அகதி முகாம்களை அடைந்தோருட் பலர் யாழ்ப்பாணம் சென்றனர். பின்னர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். அந்த யூலை வராதிருந்தால் என்னும் வினா அக்குடும்பங்களிலே நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. எரியாத வீடு, மூடாத கடை, இறவாத உறவினர், பிரியாத அயலவர் என ஒரு மறுவுலகம் அவர்கள் நெஞ்சிலே இருந்துகொண்டிருக்கின்றது.

இவ்விடத்தே விளையாட்டு எழுப்பிய வினா மீண்டும் முன்நிற்கின்றது. டெரெக் பாஃபிற் என்னும் ஒக்ஸ்போட் மெய்யியலாளர் 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதர் பிறப்புப் பற்றி எளியதோர் உண்மையைச் சுட்டினார். ஒருவர் தம் பெற்றோர்க்கு வேறு காலத்திற் பிறந்திருக்க இயலாது. கருவுற்ற காலம் மாறின் பிறப்பவரும் வேறொருவரே. இதனை மேற்கூறிய குடும்பங்களுக்குப் பொருத்தி நோக்குக. முகாமிலே சந்தித்து மணந்தோர் உளர். ரொறன்ரோவிலே அறிமுகமாகி மணந்தோர் உளர். அவர்தம் பிள்ளைகள் இன்று வைத்தியராயும் ஆசிரியராயும் விளங்குகின்றனர். அந்த யூலை நிகழாத உலகிலே அப்பிள்ளைகள் இலர். அந்நாளை அழித்தெழுத வல்ல கோல் ஒன்று தாயொருத்தியின் கையிற் கொடுக்கப்படின், இறந்த தமையனை மீட்பாளா, மடியிலிருக்கும் மகளைக் காப்பாளா?

இவ்வினாவினின்று பிழையான முடிபொன்றைப் பெறாதிருத்தல் வேண்டும். பின் விளைந்த நன்மையாற் கலவரமும் நன்றாயிற்று எனல் அறமன்று. தீமை தீமையே, அதன் பின் பிறந்த குழந்தை அதற்குச் சான்றாகவும் நில்லாது, மன்னிப்பாகவும் நில்லாது. குழந்தையைப் போற்றுதல் ஒன்று. கலவரத்தைக் கண்டித்தல் ஒன்று. இரண்டையும் ஒரே நெஞ்சு தாங்குதல் கூடும். தாங்குதற்கு அரிது என்பதனாலேயே மக்கள் ஒன்றனைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றுகின்றனர்: சிலர் நடந்ததை மறந்துவிடு என்கின்றனர், சிலர் நடவாததையே எண்ணி இன்றைய வாழ்வை இழக்கின்றனர்.

‘குரோனோ குரொஸ்’ கதையின் முடிவு இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு வழி காட்டுகின்றது. இறுதியில் எதிர்நிற்கும் பகையினுள் ஷாலா என்னும் பெண்ணொருத்தி சிறைப்பட்டிருக்கின்றாள். படைக்கலத்தால் அப்பகையை வீழ்த்துதல் எளிது. ஆனால் அங்ஙனம் வீழ்த்தின் அவள் விடுதலை பெறாள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்னும் ஆறு நிற ஆற்றல்களையும் முறைபிறழாது எழுப்ப, அவற்றின் ஒலிகள் ஓர் இசையாகின்றன. அதன்பின்னரே அவள் விடுதலை பெறுகின்றாள். பகையும் நட்புமாய் நின்ற நிறங்களை ஒரு வரிசையிற் கேட்கச் செய்தலே அங்கு வெற்றி. இலவண மன்னனும் தன் மறுவாழ்வைக் கனவென்று உதறவில்லை. அங்கேயே தங்கிவிடவும் இல்லை. சென்றான், முதியவளின் துயரைக் கேட்டறிந்தான், தன் கடமைக்கு மீண்டான்.

எனவே மாறிய வரலாறு என்பது செப்பனிட்ட வரலாறு ஆகாது. அதற்கும் அதற்குரிய மாந்தர் உளர். அவர்க்கும் இன்பதுன்பங்கள் உள. இறந்த காலத்தைத் திருத்தும் ஆற்றல் ஒருவர்க்கும் வாய்க்கவில்லை. வாய்த்திருப்பினும் கணக்குத் தீர்ந்திராது. உலகங்கள் கிளைக்கும் இடமோ எந்நாளும் நிகழ்காலமே. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் ஆலயத் தேரும், வெசாக் ஊர்வலமும், புனிதரின் திருவுருவப் பவனியும் ஆண்டுதோறும் வருகின்றன. வரும்போது தெருவோரத்தில் நிற்பவர் வழிவிடுவதா மறிப்பதா என்பதிலேதான், பின்வருவோர் வாழப்போகும் உலகு எது என்பது தங்கியிருக்கின்றது.